வழி சொன்னவர் யார்? – மலைபடுகடாமும் வாரன் துரையின் அறிக்கையும்

கோலார் தங்கவயலில் எந்தச் சங்கம் ஆண்டு மலர் போட்டாலும் ‘தங்கம் கண்டுபிடித்த வரலாறு’ என்று ஒரு கட்டுரை தவறாமல் இடம்பெறும். முப்பது வருஷத்து மலர்கள் என் பாத்திரக் கடைப் பரண்மேல் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் எடுத்துப் படிப்பது வழக்கம். கட்டுரையாளர் பெயர் மாறும், கதை மாறாது. 1802இல் வாரன் வந்தார், 1871இல் லவேல் வந்தார், 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது, அதன் பிறகு கூலி வேலைக்கு நாம் வந்தோம். இதுதான் நாம் நம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் வரலாறு. 2018இல் நம் ஊர்ப் பெயரிலேயே கன்னடத்தில் சினிமா வந்த பிறகு, வெளியூர்க்காரர்களுக்கு இந்த அளவு வரலாறும் வேண்டாமென்று ஆகிவிட்டது.

என் வழக்கு சினிமாவோடு அல்ல. அதை எடுத்தவர்கள் கதை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். நம் கட்டுரைகளோடுதான் வழக்கு. வழி கண்டுபிடித்தல் என்பதைப் பற்றித் தமிழில் ஒரு முழு இலக்கிய வகையே இருக்கிறது. ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துதல்தான். அதைப் படித்த நாம், நம் சொந்த ஊர் வழியை எழுதும்போது மட்டும் கம்பெனி கண்ணாடியைக் கடன் வாங்கிப் போட்டுக்கொள்கிறோமே, ஏன்? இதைத்தான் இங்கே கொஞ்சம் விசாரிக்கப் பார்க்கிறேன். நான் பட்டம் பெற்ற புலவன் அல்ல. பிறந்தது சேயாற்றங்கரை, நயினார் குடும்பம். ராபர்ட்சன்பேட்டையில் ‘ஜைனர்’ என்று சொன்னால் ‘சேட்டா?’ என்று கேட்பார்கள். இல்லை, தமிழ்ச் சமணர் என்று இத்தனை வருஷமும் விளக்கிக்கொண்டிருக்கிறேன். அதுவும் ஒருவகை வழி சொல்லுதல்தான் போலிருக்கிறது.

முதலில் வாரன். நம் மலர்களில் ‘ஆங்கிலேயத் தளபதி’ என்று எழுதுகிறார்கள். அவர் தளபதியும் அல்ல, பிறப்பால் ஆங்கிலேயரும் அல்ல. ஆங்கிலேயரின் 33ஆம் காலாட்படையில் லெப்டினன்டாக இருந்தவர். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு மைசூர் நாட்டை அளந்து எல்லை காணும் வேலை கர்னல் மெக்கன்சியிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த அளவையில் கிழக்கெல்லைப் பக்கம் வந்தவர் வாரன். எர்ரகொண்டா மலைப் பக்கத்தில் மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு அவர் காதில் விழுந்தது. காட்டுபவர்களுக்குச் சன்மானம் உண்டு என்று அறிவித்தார். ஊரிகம் கிராமத்தார் மாட்டு வண்டிகளில் மண்ணை ஏற்றிக்கொண்டு வந்து, அவர் கண்ணெதிரே அலசிப் பொன்பொடியைப் பிரித்துக் காட்டினார்கள். மாரிகுப்பத்திலோ குழி தோண்டி உள்ளே இறங்கிப் பாறை எடுத்துக்கொண்டிருந்தவர்களையே பார்த்தார். அவர்கள் பறையர் என்று எழுதியிருக்கிறார். கூடை கூடையாகக் கல்லைக் கைமாற்றி மேலே ஏற்றுவதும், பெண்கள் அதை இடித்து மாவாக்கி அலசுவதும் நடந்தன.

56 கிலோ மண்ணுக்கு ஒரு கிரெயின் பொன் என்று கணக்குச் சொல்கிறார்கள். இதை நம் கட்டுரையாளர்கள் அப்படியே எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு கிரெயின் என்பது குன்றிமணி எடையில் ஏறக்குறையப் பாதி. எட்டு கிராம் பவுன் ஒன்றுக்கு 123 கிரெயின் வேண்டும். அப்படியானால் ஒரு பவுன் பொன் சேர்க்க ஏழு டன் மண்ணை வாரி, சுமந்து, அலச வேண்டும். பின்னால் யந்திரம் கொண்டு 2001இல் மூடும்வரை எடுத்தது, சுமார் ஐந்து கோடி டன் பாறையிலிருந்து 800 டன் தங்கம். டன்னுக்குப் பதினைந்து பதினாறு கிராம். வாரன் கணக்குப்படி ஊரிகத்தார் மண்ணிலிருந்து பார்த்ததோ டன்னுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல். அந்த ஒரு கிராமைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுக்கும் கண்ணும் கையும் இருந்தனவே, அதற்கு என்ன பெயர் வைப்பது? நாம் வைத்திருக்கும் பெயர் ‘வதந்தி’. வாரன் வதந்தி கேட்டுக் கண்டுபிடித்தார் என்று எழுதுகிறோம். வண்டியில் மண்ணோடு வந்து நிற்பவன் வதந்தி அல்ல ஐயா, சாட்சி.

வாரனைக் குறை சொல்ல வரவில்லை. அவர் எழுதியது அறிக்கை. அறிக்கை மேலே பார்த்து எழுதப்படுவது. சென்னையில் கவர்னர் படிக்க வேண்டும், கம்பெனிக்கு லாபமுண்டா என்று தெரிய வேண்டும். ஆகவே எவ்வளவு மண், எவ்வளவு பொன் என்பதில் கண்ணாக இருந்தார். அது அவர் வேலை.

அதே காலத்தில் உலகத்தின் மறுபுறத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள். கடைக்கு வழக்கமாக வரும் நண்பர் ஒருவரின் மகன் அமெரிக்காவிலிருந்து லூயிஸ், கிளார்க் பயணத்தைப் பற்றிய தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். வாரன் இங்கே மண் அலசிப் பார்த்த இரண்டே வருஷத்தில், 1804இல், அவர்கள் மிசௌரி ஆற்றில் படகேறிப் புறப்பட்டு, 1805 கடைசியில் பசிபிக் கடலைப் பார்த்து, 1806இல் திரும்பினார்கள். கண்டுபிடிப்பு என்று பேர். ஆனால் கூட நடந்தவள் ஷோஷோனி இனத்துப் பெண் சகாஜாவியா, இடுப்பில் கைக்குழந்தை. அவள் கணவனுக்குச் சம்பளம் உண்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை. பிட்டர்ரூட் மலைகளைத் தாண்டிக் கூட்டிப்போன ஷோஷோனிக் கிழவருக்கு அவர்கள் வைத்த பெயர் டோபி. அவரும் கூலி வாங்காமலே ஒருநாள் போய்விட்டார். இவ்வளவும் அந்தத் துரைமார்களின் நாட்குறிப்புகளிலிருந்தே தெரிகிறது. மறைக்கவில்லை என்ற மட்டில் அவர்களைப் பாராட்டலாம்.

அவர்களுக்குப் பின்னால் போனவர்கள் தோல் வணிகர்கள். பீவர் என்ற நீர்வாழ் பிராணியைப் பொறி வைத்துப் பிடித்து, அதன் மென்மயிரை ஐரோப்பியத் தொப்பிக்கு அனுப்பிய வியாபாரம். எங்கள் சமயத்தில் வணிகனுக்கு விலக்கிய தொழில்கள் என்று ஒரு வரிசை உண்டு. இது அதில் முதல் வரிசை. ஓடைக்கு ஓடை அந்தப் பிராணியை ஒழித்தார்கள். பிறகு பட்டுத் தொப்பி நாகரிகம் வந்தது. 1840 வாக்கில் கடையைக் கட்டிவிட்டார்கள். ஆனால் இந்த வணிகர் கதையில் ஒரு இடம் என்னை நிறுத்தியது. 1824இல் ஜெடடயா ஸ்மித் கூட்டத்தார் ராக்கி மலையைக் கடக்க வழி தெரியாமல் குரோ இனத்தாரோடு குளிர்காலத்தைக் கழித்தார்கள். கிளைமன் என்பவர் எருமைத் தோல் ஒன்றை விரித்து, மேலே மணலைக் கொட்டி, மலைகளாகக் குவித்து வைத்து, எங்கே இடைவெளி என்று கேட்டிருக்கிறார். குரோக்காரர்கள் சொன்ன குறிப்பை வைத்துத்தான் தெற்குக் கணவாயைத் தாண்டினார்கள். பிற்பாடு லட்சக்கணக்கான பேர் வண்டி கட்டிப் போன வழி அது. எருமைத் தோலில் மணல் என்றால் நல்ல வரைபடம்தான். கேட்டவர் பெயர் இருக்கிறது, கடந்தவர் பெயர் இருக்கிறது. மணல்மேல் விரல் வைத்தவர் பெயர் இல்லை.

இனி நம் பக்கம். பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு மலைபடுகடாம். கூத்தராற்றுப்படை என்றும் சொல்வார்கள். 583 அடி. பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மா நகரத்து நன்னன் சேய் நன்னன். செங்கண்மா என்பது இன்றைய செங்கம். பாட்டில் ஓடும் ஆறு எங்கள் சேயாறு. நம் தங்கவயல் குடும்பங்களில் பெரும்பாலோர் பழைய வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கம். செங்கம் கணவாய் அந்தச் சமவெளியிலிருந்து மேட்டு நிலத்துக்கு ஏறும் வாசல்களில் ஒன்று. 1767இல் ஐதர் அலியின் படையும் கம்பெனிப் படையும் மோதிய இடம். ஆகவே இது ஏதோ தூரத்துப் பாட்டு அல்ல. நம் பாட்டன்மார் ஏறிய மலைகளின் பாட்டு.

பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் வறிய கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எடுத்த எடுப்பில் நன்னனைப் புகழ்ந்துகொண்டு போய்விடவில்லை. வழி எவ்வளவு தூரம், எங்கே தங்கலாம், என்ன சாப்பாடு கிடைக்கும், காடு எப்படி என்று என்னென்ன சொல்லப் போகிறேன் என்பதற்கே ஒரு ஜாபிதா போடுகிறான். பிறகு ஒவ்வொன்றாக. பன்றிக்கு வைத்த கற்பொறி வழியில் இருக்கும், அதனால் விடிந்த பிறகு போங்கள். குழிகளில் பாம்பு மறைந்து கிடக்கும், பார்த்து வைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டு வலப்பக்கமாகப் போங்கள். தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், அது உங்கள்மேல் விழும், மரத்தின் பின்னால் ஒதுங்குங்கள். பாறை வழுக்கும், கொடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். வழி தப்பிவிட்டால் பயப்படாதீர்கள், பாறைமேல் ஏறி உங்கள் வாத்தியங்களை வாசியுங்கள், காவல் இருக்கும் கானவர் சத்தம் கேட்டு ஓடிவந்து உதவுவார்கள்.

கடைசியில் சொன்னதைக் கவனிக்க வேண்டும். வழி சொல்லும் கூத்தனுக்கும் மலை சொந்தமில்லை. மலை தெரிந்தவர்கள் வேறு, அவர்களைக் கூப்பிடத் தெரிந்தால் போதும் என்கிறான். அவர்களை ‘வழிகாட்டி’ என்று கூலிக்கு அமர்த்தச் சொல்லவில்லை. உங்களிடம் இருக்கிற இசையைக் கொடுங்கள், அவர்களிடம் இருக்கிற வழியும் பழமும் உங்களுக்கு வரும் என்கிறான்.

பாட்டில் எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது கவலை பற்றிய பகுதி. கவலை என்றால் இங்கே மனக்கவலை அல்ல, வழிகள் பிரிகிற இடம். (பிரிகிற இடத்துக்கும் மனத்தின் சஞ்சலத்துக்கும் ஒரே சொல் வைத்தார்களே, நடந்து பார்த்தவர்கள்தான் வைத்திருக்க வேண்டும்.) அங்கே மரத்தில் இடப்பெயரைக் கல்லால் கொத்தி எழுதியிருப்பார்கள் என்கிறது பாட்டு. நடுகற்கள் நிற்கும், அவற்றுக்கு யாழ் வாசித்துவிட்டுப் போங்கள் என்கிறது. செங்கம் வட்டாரத்தில் தொல்பொருள் துறையினர் கண்டு 1972இல் நூலாக வெளியிட்ட நடுகற்களைப் பார்த்தவர்களுக்கு இது புலவர் கற்பனை அல்ல என்பது புரியும். பிறகு ஒன்று சொல்கிறது பாருங்கள்: நீங்கள் இந்த நிலத்துக்குப் புதியவர்கள், வழிகள் கூடும் சந்தியில் தரையைத் துடைத்து, புல்லை முடிந்து போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் வருகிறவர்களுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்பது கருத்து.

அமெரிக்கக் காட்டுவழியில் கோடாலியால் மரப்பட்டையைச் செதுக்கி அடையாளம் வைத்துக்கொண்டு போனார்கள் என்று அந்தப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்கேயும் நடப்பவன் செய்கிற காரியம்தான். ஆனால் தமிழ்ப் பாட்டில் புல் முடியச் சொல்வது யாரிடம்? வழி தெரிந்த பழம் பெருச்சாளியிடம் அல்ல. இன்றைக்குத்தான் முதல்முறையாக வருகிற பஞ்சைக் கூத்தனிடம். அவன் இன்னும் பரிசு வாங்கவில்லை, சாப்பிடவில்லை, போய்ச் சேருவானா என்பதே தெரியாது. அவனுக்கும் அடுத்தவனுக்கு வழி வைக்கும் கடமை இருக்கிறது என்று பாட்டு நினைக்கிறது. வாரன் அறிக்கை மேலே பார்த்து எழுதியது என்றேன். மலைபடுகடாம் பின்னால் பார்த்துப் பேசுகிறது. நான் சொல்ல வந்த வித்தியாசம் இதுதான்.

உடனே ஒரு ஆட்சேபம் வரும், நியாயமானதே. ஆற்றுப்படையும் ஒரு விளம்பரம்தானே? எல்லா வழியும் நன்னன் அரண்மனை வாசலில்தானே முடிகிறது? உண்மை. குறிஞ்சி நிலத்தார் ஒருவர்கூட வாயைத் திறந்து குறை சொல்வதில்லை. எல்லா வீட்டிலும் விருந்து. அவ்வளவு செழிப்பான நாட்டில் இத்தனை கூத்தர்கள் ஏன் பட்டினியோடு அலைகிறார்கள் என்று பாட்டு கேட்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சில் கொண்டுவந்த நாள் முதல் நம்மவர்கள் இந்த விருந்தோம்பலைப் புகழ்ந்தே பக்கம் பக்கமாக எழுதித் தீர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் பாதி நம்பிக்கைதான். ஆனால் பாம்பும் பன்றிப் பொறியும் வழுக்குப் பாறையும் நன்னனுக்கு எந்தப் புகழையும் சேர்ப்பதில்லை. புகழுக்கு வேண்டாத இந்த விவரங்கள் பாட்டில் இவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால்தான், யாரோ நடந்தவர்களின் அறிவு அதில் இறங்கியிருக்கிறது என்று நம்பத் தோன்றுகிறது.

வழி சொல்பவர் எல்லாரையும் நம்ப வேண்டியதும் இல்லை. சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதை அதற்குப் பாடம். மாங்காட்டு மறையவன் மதுரைக்கு மூன்று வழி சொல்கிறான். கொடும்பாளூர்க் குளக்கரையில் சூலம்போல் பிரியும் வழிகள். சிறுமலை வழியைச் சொல்லும்போது பயிர் பச்சை எல்லாம் சரியாகச் சொல்கிறான், போய்வந்தவன் பேச்சு. திருமால்குன்றத்து வழிக்கு வந்ததும் பேச்சு மாறிவிடுகிறது: பிலம், மூன்று பொய்கை, முழுகினால் இன்ன பலன். கவுந்தியடிகள் அமைதியாகப் பதில் சொல்கிறார்: அந்தப் பொய்கைகள் கொடுப்பது எதுவும் எங்களுக்கு வேண்டியதில்லை, பிற உயிரைப் பேணுகிறவர்களுக்குக் கிடைக்காத பொருள் எது? நீ உன் வழியில் போ, நாங்கள் எங்கள் வழியில் போகிறோம். எங்கள் சமயத்து அம்மையார் என்பதால் பெருமைப்படுவதாக நினைக்க வேண்டாம். வழித் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மரியாதையாகத் திருப்பிக் கொடுக்கும் அந்தத் திறமை, வரலாறு படிக்கிறவனுக்கும் வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்படிப் படித்தால் வாரனிடமும் எடுத்துக்கொள்ள நிறைய உண்டு. இவர் கதையை நம் மலர்கள் 1802ஓடு நிறுத்திவிடுகின்றன. அவர் 1805 முதல் 1811 வரை சென்னை வானாராய்ச்சி நிலையத்தை நடத்தினார். பிரான்சுக்குப் போய்த் திரும்பிவந்து புதுச்சேரியில் தங்கி, 1830இல் அங்கேயே காலமானார். 1825இல் காலசங்கலிதம் என்ற பெரிய நூலை வெளியிட்டார். நம் நாட்டுப் பஞ்சாங்கக் கணக்குகளைப் பற்றியது. புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே, ஏட்டைப் பார்க்காமல் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை வாரன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதிவைத்தார். நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நாய்கெபவர் என்ற அறிஞர் 1952இல் ‘தமிழ் வானியல்’ என்று கட்டுரை எழுதினாரே, அதற்கு மூலப்பொருள் வாரனின் இந்தக் குறிப்புதான். கிரகணம் தொடங்கும் நேரம் நாலு நிமிஷம்தான் பிசகியதாம்.

ஊரிகத்தில் மண்ணை அலசியவர்களிடம் எவ்வளவு பொன் என்று மட்டும் கேட்ட மனிதர், இருபது வருஷம் கழித்துச் சோழி பரப்பியவரிடம் எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். இந்த மாற்றம் எப்படி வந்தது என்பது தனி ஆராய்ச்சி. வயசாகிவிட்டதா, கம்பெனி வேலை போய்விட்டதா, பஞ்சாங்கக்காரர் சாதியில் உயர்ந்தவர் என்பதா? கடைசிக் காரணத்தை லேசில் தள்ளிவிட முடியாது. அளவை அதிகாரிகள் உள்ளூராரைப் பெயர் சொல்லும் வழக்கமே இல்லாதவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. வாரனுக்கு மேலதிகாரி மெக்கன்சி தமக்குத் துணை நின்ற காவலி போரய்யா, லட்சுமய்யா சகோதரர்களைப் பெயர் சொல்லிப் போற்றியவர். மலையூர்ச் சமணப் பண்டிதர் தர்மய்யாவின் பெயரும் அவர் தொகுப்பில் உண்டு. படித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. குழிக்குள் இறங்கியவர்களுக்குச் சாதிப் பெயர் மட்டும் கிடைத்தது. இருநூறு வருஷம் கழித்து நாம் எழுதும் கட்டுரையிலும் நிலைமை அதுதான் என்றால், வாரனைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னொரு வகைக் கட்டுரையும் நம் மலர்களில் வருவதுண்டு. அது எதிர்த் திசையில் ஓடுகிறது. மாரிகுப்பத்துக் குழிக்காரர்கள் தமிழர்களே, ஆகவே தங்கம் கண்டவன் தமிழன் என்று ஒரே போடு. உணர்ச்சி புரிகிறது. ‘பிழைக்க வந்தவர்கள்’ என்ற சொல்லைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இப்படி எழுதத் தோன்றும். ஆனாலும் எழுதக்கூடாது. இது கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்த எல்லை நிலம். எர்ரகொண்டா என்ற பெயரே தெலுங்கு. பறையர் என்ற ஒரு சொல்லை வைத்து அவர்கள் வீட்டில் என்ன பேசினார்கள் என்று முடிவு கட்டினால், அவர்கள் பெயரை இரண்டாம் முறை அழிக்கிறோம். முதலில் துரைக்காக, இப்போது நமக்காக. தமிழுக்கும் கோலாருக்கும் உறவு காட்ட நல்ல சான்று வேண்டுமென்றால் நன்னூலின் பாயிரத்தைப் பாருங்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் உருப்போடும் அந்த இலக்கணத்தைச் சமண முனிவர் பவணந்தியைக் கொண்டு செய்வித்தவன் சீயகங்கன். கல்வெட்டுகளில் அவனுக்கு உள்ள பட்டம் குவளாலபுரத்துத் தலைவன் என்பது. குவளாலபுரம் என்பது நம் கோலார். அவன் ஆண்டது தமிழ்நாட்டுப் பகுதியில், பட்டம் மட்டும் முன்னோர் ஊரைச் சொல்லிக்கொண்டது. சான்று எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுதான் நாமும் போக வேண்டும். அதுவே போதிய தூரம்.

உண்மையில் எழுதப்படாமல் கிடப்பது நாம் வந்த வழிதான். ஜோலார்ப்பேட்டை வழியாகப் பெங்களூர் கண்டோன்மென்டுக்கு 1864லேயே ரயில் உண்டு. பௌரிங்பேட்டை என்ற பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் வரை கிளைப் பாதை போட்டது 1894இல். அதற்கு முன் எப்படி வந்தார்கள்? ரயில் வந்த பிறகும் காசில்லாதவர்கள் எப்படி வந்தார்கள்? எங்கள் வீட்டுப் பேச்சு இது: பாட்டனார் ஆரணிப் பக்கத்திலிருந்து பித்தளைச் சாமான் ஏற்றிய வண்டியோடு செங்கம், சிங்காரப்பேட்டை, ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனப்பள்ளி, காமசமுத்திரம் என்று ஏறிவந்தார். எங்களுக்கு இருட்டின பிறகு சாப்பாடு கிடையாது, தண்ணீரை வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். ஆகவே ஒருநாள் பயணம் என்பது மைல் கணக்கு அல்ல. பொழுது சாயுமுன் உலை வைக்கக் கிணறு எங்கே இருக்கிறது என்பதுதான் கணக்கு. எந்தக் கிணற்றில் கயிறு போட விடுவார்கள், எங்கே விடமாட்டார்கள் என்பது முன்னால் போன வண்டிக்காரர் சொல்லித்தான் தெரியும். இதே வழியில் கூலி வேலைக்கு நடந்து வந்தவர்களுக்கு அந்தக் கிணறுகளில் பாதி மூடிய கிணறுகள்தான். அவர்கள் எங்கே தண்ணீர் குடித்தார்கள்? யார் சொன்ன பேச்சை நம்பி வந்தார்கள்? மேஸ்திரி சொன்னதையா, முன்னால் வந்த மச்சான் சொன்னதையா? நன்னன் வாசலில் விருந்து என்று ஆற்றுப்படை சொன்னதுபோல ‘கோலாருக்கு வா, பவுனாக் கொட்டுது’ என்று சொல்லியிருப்பார்கள். பாம்பையும் பன்றிப் பொறியையும் சேர்த்துச் சொன்னார்களா?

சாம்பியன் சுரங்கத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் சாயங்காலம் கடைக்கு வருவார். மலைபடுகடாத்தில் புல் முடிகிற இடத்தை ஒருநாள் அவருக்குச் சொன்னேன்.

“அடியில நாங்களும் அதான் நயினாரே பண்ணுவோம்” என்றார். “பழைய லெவல்ல ரெண்டு மூணு பாதை பிரியும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். சுண்ணாம்புக் கட்டியால பாறையில அம்பு போட்டுட்டு வருவோம்.”

“திரும்பி வர்றதுக்கா?” என்று கேட்டேன்.

“நமக்கு என்னாத்துக்கு? நமக்குத்தான் வழி தெரியுமே. அடுத்த ஷிப்ட்ல புதுப் பையன் எவனாவது வருவான்.”

1956இல் சுரங்கங்கள் அரசுடைமையானதும், பிறகு மத்திய அரசுக்குப் போனதும், 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆனதும், 2001 பிப்ரவரி 28இல் மூடியதும் எல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன. யாரும் தேடி எடுத்துக்கொள்ளலாம். இந்த அம்புக்குறி ஆவணத்தில் இல்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன அந்தச் சுரங்கத்தில் இப்போது தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, சுண்ணாம்பு கரைந்திருக்கும். ஆனால் போட்டவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள், விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பேரப்பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த மலருக்குக் கட்டுரை எழுதுகிறவர்கள் வாரனை ஒரு பத்தியில் முடித்துக்கொண்டு அவர்களிடம் போகலாம். எந்த லெவல், எந்தப் பிரிவு, யார் சொல்லிக் கொடுத்தது என்று பெயரோடு கேட்டு எழுதினால், எத்தனை பக்கமானாலும் மலர்க் குழுவினர் இடம் கொடுக்கத்தான் வேண்டும்.